குயிட்டோவில் மூன்று நாட்கள்

தென் அமெரிக்காவின் வடமேற்கில், பசிபிக் பெருங்கடலை ஒட்டி அமைந்த நாடு ஈக்வடார். ஸ்பானிய மொழியில் இச்சொல்லுக்கு 'நிலநடுக்கோடு' என்பதே பொருள். அதன் தலைநகர் குயிட்டோ. தேசப்படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நாமும் மூன்று நாட்கள் அந்நகரைச் சுற்றிவருவோமா? கண்ணுக்கு அழகாகத் தோன்றுவதை வியப்பதோடு நில்லாமல், அதை ஆக்கித் தந்தவர் யார் என்றும் கேட்டுக்கொண்டே நடப்போம்.

முதல் நாள்

குயிட்டோ கடல் மட்டத்திற்குமேல் ஏறத்தாழ 2,850 மீட்டர் உயரத்தில், பிச்சிஞ்சா எரிமலையின் அடிவாரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி குறைவு. ஆகவே நாம் உள்ளிழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் பிராணவாயு குறைவாகவே கிடைக்கும். பத்துப் படி ஏறினாலே மூச்சு வாங்கும். காற்றழுத்தம் குறைவாதலால், தண்ணீரும் 90 பாகை செல்சியஸை ஒட்டியே கொதித்துவிடும். நிலநடுக்கோட்டின் அருகே இருந்தும் இவ்வூர் ஆண்டு முழுவதும் குளிர்ச்சியாக இருப்பதற்கு இந்த உயரமே காரணம்.

எனவே முதல் நாள் ஓய்வாக இருந்து, 'லோக்ரோ' என்னும் கெட்டியான சூப்பைச் சுவைப்போம். உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் சேர்த்துச் செய்வது அது. உருளைக்கிழங்கை உலகிற்குப் பயிராக்கித் தந்தவர்கள் ஆண்டிஸ் மலைத்தொடரின் பழங்குடி உழவர்களே. நம் வீட்டுப் பொரியலுக்கும் அவர்களுடைய உழைப்பே தொடக்கம்.

இரண்டாம் நாள்

இன்று பழைய நகரம். 1978-இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் முதல் பட்டியலிலேயே இடம்பெற்ற இரு நகரங்களுள் குயிட்டோ ஒன்று. மற்றொன்று போலந்தின் கிராக்கோ.

1605-இல் தொடங்கி 1765-இல் முடிவுற்ற இயேசு சபைக் கோயிலுள் நுழைந்தால், சுவரும் கூரையும் தங்கத் தகடு போர்த்தி ஒளிர்கின்றன. இத்தகைய கோயில்களை எழுப்பியதில் பழங்குடி மக்களின் உழைப்பு பெரிது. அவர்களிடையே தோன்றிய சிற்பிகளும் ஓவியர்களும் 'குயிட்டோ கலைமரபு' என்று புகழப்படும் ஒரு மரபையே வளர்த்தனர். 18-ஆம் நூற்றாண்டுச் சிற்பி மனுவேல் சில்லி பழங்குடியைச் சேர்ந்தவர். 'காஸ்பிகாரா' என்ற பெயரால் புகழ்பெற்றவர். ஓவியர் மிகேல் தெ சாந்தியாகோவின் மகள் இசபெல் தந்தையின் பட்டறையில் தூரிகை பிடித்து, தாமும் ஓவியராக உயர்ந்தார்.

பனெசியோ குன்றின்மேல் சிறகு விரித்து நிற்கும் மாதாவின் அலுமினியச் சுரூபம் 1975-இல் நிறுவப்பட்டது. ஏறத்தாழ 7,000 துண்டுகளை இணைத்து ஆக்கப்பட்டது அது. பெர்னார்தோ தெ லெகார்தா 1734-இல் செதுக்கிய சிறிய மரச் சுரூபமே அதற்கு மாதிரி.

மாலையில் விடுதலைச் சதுக்கத்தில் சற்று அமர்வோம். 1809 ஆகஸ்ட் 10-இல் எழுந்த விடுதலைக் குரலுக்கு இங்கே நினைவுச்சின்னம் இருக்கிறது. அதற்கு முந்தைய இரவு தேசபக்தர்கள் கூடியது மனுவேலா கனிசாரெஸ் என்ற பெண்மணியின் இல்லத்தில். அச்சமுற்றுத் தயங்கியவர்களைத் தட்டி எழுப்பியவரும் அவரே என்று அந்நாட்டு மக்கள் இன்றும் போற்றுகின்றனர்.

மூன்றாம் நாள்

நகருக்கு வடக்கே சுமார் 25 கிலோமீட்டர் சென்றால் 'உலகின் நடு' என்னும் இடம் வரும். பூமி துருவங்களில் தட்டையாக இருக்கிறதா, நீண்டிருக்கிறதா என்ற வழக்கைத் தீர்க்க, பிரெஞ்சு அறிஞர் குழு 1736-இல் குயிட்டோவை வந்தடைந்தது. பல ஆண்டுகள் மலைமலையாக ஏறி அளந்து, தட்டைதான் என்று நியூட்டன் கூறியதற்குச் சான்று தந்தது. அறிஞர்களின் பெயர்கள் நூல்களில் நிலைத்தன. அவர்களுடைய கருவிகளைச் சுமந்து பனியிலும் குளிரிலும் மலையேறிய பழங்குடியினரின் பெயர்கள் நிலைக்கவில்லை.

அங்குள்ள 30 மீட்டர் உயர நினைவுச்சின்னம் 1982-இல் கட்டி முடிக்கப்பட்டது. தரையில் தீட்டிய மஞ்சள் கோட்டின் இருபுறமும் கால் வைத்து நிற்பது பயணிகளின் வழக்கம். நாமும் நிற்போம். ஆனால் செயற்கைக்கோள் கொண்டு அளந்தபோது, உண்மையான நிலநடுக்கோடு சுமார் 240 மீட்டர் வடக்கே செல்வது தெரியவந்தது!

மாணவியரே, பயணம் நல்லதோர் ஆசான். ஆயினும் கேள்வி கேட்பவருக்கே அது பாடம் சொல்லும். தங்கச் சுவரின் பின்னே இருந்த கைகளையும், மஞ்சள் கோட்டிற்கு அப்பால் இருந்த உண்மைக் கோட்டையும் நாம் கண்டது அவ்வாறுதானே? அடுத்த விடுமுறையில் எந்த ஊருக்குச் சென்றாலும், இதைச் செய்தவர் யார், இது மெய்தானா என்னும் இவ்விரு கேள்விகளையும் நம் பெட்டியில் மறவாமல் எடுத்துச் செல்வோம்.