இன்சுலின் ஊசியும் கடைக்காரரும்

"ஊசி போடச் சொல்லிவிட்டார்கள், இனி என் கணக்கு முடிந்தது" என்று கலங்கும் அன்பர்கள் நம் ஜாசினிலும் உண்டு. 2023ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தோரில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருக்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்லக் கணையத்தில் இன்சுலின் சுரப்பு குறைவது இரண்டாம் வகை நீரிழிவின் இயல்பு. முதல் குறைந்தால் வெளியிலிருந்து முதல் போடுவதில்லையா? ஊசியும் அவ்வாறே.

டாக்டர் எடுத்த எடுப்பில் பெரிய அளவு கொடுப்பதில்லை. பெரும்பாலும் இரவில் ஒரு வேளை, 10 யூனிட் அளவில் தொடங்குவார். காலையில் வெறும் வயிற்றில் பார்க்கும் சர்க்கரை 4.4 முதல் 7.0 மில்லிமோலுக்குள் வரும்வரை, சில நாட்களுக்கு ஒருமுறை 2 யூனிட் வீதம் கூட்டச் சொல்வார். கடைக் கணக்கில் ஒரு காசு பிசகாத நம்மவர், சர்க்கரைக் குறிப்புப் புத்தகத்தை மட்டும் வெறுமையாக எடுத்துச் செல்வது வேடிக்கைதான்!

கடையில் கூட்டமென்று பகலுணவைத் தள்ளிப்போடும் வழக்கத்தையும் டாக்டரிடம் மறைக்கலாகாது. காலையில் கலப்பு ஊசி போட்டவருக்கு அதுவே ஆபத்து. கை நடுங்கி, வியர்த்து, சர்க்கரை 3.9க்குக் கீழ் இறங்கினால், மூன்று தேக்கரண்டி சீனியை நீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும்.

ரமலானுக்கு இரண்டு மாதம் முன்பே டாக்டரைக் காண்பது அவசியம். ஊசியின் வேளையும் அளவும் மாறக்கூடும். நோன்பு வைத்திருக்கையில் 3.9க்குக் கீழ் இறங்கினால், உடனே நோன்பை விட்டுவிடும்படியே டாக்டர்கள் சொல்கிறார்கள். விரலில் குத்திச் சோதிப்பதால் நோன்பு முறிவதில்லை.