முல்லைத்தீவு மாவட்டத்தின் பிரிவுகளும் குடிசனத் தொகையும்

ஒரு மாவட்டத்தை அறியப் புகும் மாணவன் முதற்கண் அதன் குடிசனத் தொகையை வினவுகின்றான். பின்னர் அஃது எத்தனை பிரிவுகளாக வகுத்து ஆளப்படுகின்றது என வினவுகின்றான். இவ்விரண்டையும் நிலப்பரப்போடு சேர்த்து நோக்காவிடின் அவன் பெறும் அறிவு குறையறிவேயாம். இதனை விளக்குதற்கு முல்லைத்தீவினும் தக்க மாவட்டம் இலங்கையிற் கிடைத்தல் அரிது.

முல்லைத்தீவு மாவட்டத்தின் பரப்பு 2,617 சதுரக் கிலோமீற்றர். அதனுள் 202 சதுரக் கிலோமீற்றர் உள்நாட்டு நீர்ப்பரப்பாகும். யாழ்ப்பாண மாவட்டமோ 1,025 சதுரக் கிலோமீற்றரே. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி முல்லைத்தீவில் வாழ்ந்தோர் 92,238 பேர். யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தோர் 5,83,882 பேர். நிலத்தால் இரண்டரை மடங்கு பெரிய மாவட்டம் குடியால் ஆறிலொரு பங்கிலும் சிறிதாய் நிற்கின்றது.

இனிப் பிரிவுகளைக் காண்போம். யாழ்ப்பாணத்தில் 435 கிராம அலுவலர் பிரிவுகளும், முல்லைத்தீவில் 136 பிரிவுகளும் உள. வகுத்துப் பார்ப்பின், 2012இல் யாழ்ப்பாணத்துக் கிராம அலுவலர் ஒருவருக்குச் சராசரி 1,342 பேரும் 2.4 சதுரக் கிலோமீற்றர் நிலமும், முல்லைத்தீவு அலுவலருக்கு 678 பேரும் 19 சதுரக் கிலோமீற்றர் நிலமும் வருகின்றன. தலைகளை மாத்திரம் எண்ணுவோர் முல்லைத்தீவு அலுவலருக்கு வேலை பாதியென்பர். நிலத்தை அளப்போர் எட்டு மடங்கென்பர். ஒரு குளத்துக் குடியிருப்புக்கும் அடுத்த குளத்துக் குடியிருப்புக்கும் இடையே காடு கிடக்கின்றது. மாலைக்குப் பின் அவ்வழி யானைக்குரியது. பாடசாலையையும் மருந்தகத்தையும் பேருந்தையும் தலைக்கணக்கு ஒன்றையே கொண்டு பங்கிட்டால், இத்தகைய நாட்டுக்குக் கிடைப்பது கணக்கிற் சரியாயும் வாழ்விற் போதாதாயும் இருக்கும். 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு, குடித்தொகை எவ்வாறாயினும் மாகாணம் ஒன்றுக்கு நான்காகப் பாராளுமன்றத்தில் 36 இடங்களை ஒதுக்கிற்று. பிரதிநிதித்துவத்திற்கு ஏற்புடைய அந்நியாயம் மருந்தகத்திற்கு மட்டும் ஒவ்வாதது ஏன்?

பிரிவுகளின் பெயர்களிலே பழைய வரலாறு உறைந்து கிடக்கின்றது. வன்னிநாடு முன்னாளிற் பற்று, மூலை என வகுக்கப்பட்டிருந்தது. கரிக்கட்டுமூலை, கருநாவல்பற்று, மேல்பற்று, முள்ளியவளை, பனங்காமம் என்னும் பெயர்கள் முதியோர் நாவில் இன்றும் வழங்குவன. 1895இல் ஜே. பி. லூயிஸ் என்னும் ஆங்கில அதிகாரி வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய கைந்நூல் இப்பிரிவுகளை ஆராய்வார்க்கு இன்றியமையாதது. மணியகாரர், உடையார், விதானையார் என்னும் படிநிலையில், மணியகாரர் இடத்திற்கு 1946இற் காரியாதிகாரி வந்தார். 1963இற் கிராமத் தலைமைக்காரர் நீங்கக் கிராம சேவகர் வந்தார். 1992ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கச் சட்டம் பிரதேச செயலாளருக்கு அதிகாரங்களை மாற்றிக் கொடுத்தது.

முல்லைத்தீவு தனி மாவட்டமாயது 1978இல். அதன் பெரும்பகுதி பழைய வவுனியா மாவட்டத்தினின்று பிரிக்கப்பட்டது. இன்று கரைதுறைப்பற்று, புதுக்குடியிருப்பு, ஒட்டுசுட்டான், துணுக்காய், மாந்தை கிழக்கு, வெலிஓயா என ஆறு பிரதேச செயலாளர் பிரிவுகள் உள. வெலிஓயா என்பது மணலாறு என்னும் தமிழ்ப் பெயரின் சிங்கள வடிவம். மாந்தை கிழக்கு என்னும் பெயர் புதியவரை மயக்கும். பழந்துறைமுகமாகிய மாந்தை மன்னார்க் கரையிலுள்ளது. அதனைக் கொண்ட மாந்தை மேற்கு மன்னார் மாவட்டத்தைச் சேர்ந்தது. கிழக்குப் பகுதியோ கடலே காணாத வயற்புலம். அதன் செயலகம் பாண்டியன்குளத்தில் இருக்கின்றது. அங்குள்ள கமக்காரர் கச்சேரிக்குச் செல்லவேண்டின், மாங்குளத்தில் யாழ்ப்பாணம் செல்லும் பெருவீதியைக் குறுக்கே கடந்து, ஒட்டுசுட்டான், முள்ளியவளை வழியாகக் கீழைக் கடற்கரை வரை போதல் வேண்டும்.

இம்மாவட்டத்தில் மாநகர சபையுமில்லை, நகர சபையுமில்லை. இவ்விரு வகைச் சபைகளின் எல்லைக்குள் வாழ்வோரையே நகரவாசிகளெனக் கொள்வது இலங்கைக் குடிசன மதிப்பின் முறை. ஆகவே 2012ஆம் ஆண்டுக் கணக்கின்படி முல்லைத்தீவு மாவட்டத்தில் நகரவாசி ஒருவரேனும் இலர். சந்தைக்கும் கச்சேரிக்கும் நடுவே கடை வைத்திருப்பவரும் ஏட்டிலே கிராமவாசிதான். சொல்லின் வரைவிலக்கணத்தை அறியாது எண்ணை மாத்திரம் எடுத்தாளுதல் கூடாதென்பதற்கு இதனை மாணவர் குறித்துக்கொள்க.

எண்ணப்படாமை இன்னும் பெரிய குறை. 1871இல் இலங்கைத்தீவு முழுவதற்குமான முதற் குடிசன மதிப்பு நடைபெற்றது. 1981ஆம் ஆண்டு மதிப்பில் முல்லைத்தீவின் தொகை 77 ஆயிரத்துச் சொச்சம். அதன்பின் 1991இல் மதிப்பே நடைபெறவில்லை. 2001இல் நடைபெற்றது இம்மாவட்டத்தில் முற்றுப்பெறவில்லை. முப்பத்தோராண்டுகள், ஒரு தலைமுறைக்காலம், இங்குப் பிறந்தோரும் இறந்தோரும் பெயர்ந்தோரும் முழுமையான கணக்கில் ஏறவில்லை. அக்காலத்திலேதான் போரும், 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையும், 2009ஆம் ஆண்டின் பேரழிவும் இம்மண்ணின்மேல் வந்தன. எத்தனை பேரை இழந்தோம் என்னும் வினாவிற்கு விடை காண்பார்க்கு, முன்னும் பின்னும் ஒப்புநோக்க அணித்தான மதிப்புக்கள் இல்லை. 2012ஆம் ஆண்டுத் தொகையையும் எச்சரிக்கையோடு கொள்ளல் வேண்டும். அது மார்ச்சு மாதத்துக் கணக்கு. செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம் மூடப்பட்டது அவ்வாண்டு செப்டெம்பரில்; கேப்பாப்பிலவு மக்கள் அதுவரை அங்கிருந்தனர்.

2024ஆம் ஆண்டு மதிப்பில் முல்லைத்தீவின் தொகை 1 இலட்சத்து 22 ஆயிரத்தைக் கடந்தது. ஆண்டொன்றுக்கு நூற்றுக்கு 2.23 என்னும் இவ்வளர்ச்சி வீதமே இலங்கையின் மாவட்டங்களுள் மிக உயர்ந்தது. அயல் மாவட்டமாகிய வவுனியாவின் வீதமோ மிகத் தாழ்ந்தது. மீளக் குடியேறியோர் தொகையும் இவ்வளர்ச்சியுள் அடங்குதலால், இதனைப் பிறப்புப் பெருக்கமென மயங்கலாகாது. பிரதேசப் பிரிவுகள் ஆறே. கிராம அலுவலர் பிரிவொன்றுக்கு இப்பொழுது ஏறக்குறைய 900 பேர் வருகின்றனர். நிலம் முன்போல 19 சதுரக் கிலோமீற்றரே.