உள்ளங்கையில் ஒரு கணிப்பொறி

இன்றைய உலகம் விஞ்ஞான உலகம். ஒரு காலத்தில் பெரிய அறை ஒன்றையே அடைத்துக்கொண்டிருந்த கணிப்பொறி, இன்று நம் உள்ளங்கையில் அடங்கிவிட்டது. அத்தகைய சிறு கணிப்பொறி ஒன்றை எங்கள் விஞ்ஞானக் கழகத்தில் இயக்கக் கற்றுக்கொண்டோம். கற்றதையும், இடையில் நாங்கள் செய்த ஒரு பிழையையும் தோழியருக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதன் பெயர் ராஸ்பெர்ரி பை. மாணவர்கள் குறைந்த செலவில் கணிப்பொறியைக் கற்கவேண்டும் என்ற எண்ணத்துடன், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் எபென் அப்டன் என்பவரும் அவருடைய நண்பர்களும் இதை உருவாக்கினர். 2012ஆம் ஆண்டு பிப்ரவரி 29ஆம் நாள் இது விற்பனைக்கு வந்தது. எங்களிடம் உள்ளது நான்காம் மாதிரி. நீளம் 85 மில்லிமீட்டர். அகலம் 56 மில்லிமீட்டர். எல்லா உறுப்புகளும் ஒரே பலகையில் அமைந்திருப்பதால் இதை ஒற்றைப் பலகைக் கணிப்பொறி என்கிறோம். இத்துறையில் நம் நாடும் பின்தங்கிவிடவில்லை. சென்னை ஐ.ஐ.டி.யில் வடிவமைக்கப்பட்ட 'சக்தி' என்னும் நுண்செயலி, 2018இல் சண்டிகர் அருகே தயாரிக்கப்பட்டது.

இனி இயக்கும் முறையைக் காண்போம். மெமரி கார்டு, 5 வோல்ட் 3 ஆம்பியர் அடாப்டர், கீபோர்டு, மௌஸ், ஒரு திரை ஆகியவை தேவை. முதலில் வேறொரு கணிப்பொறியில் கார்டைச் செருகி, ராஸ்பெர்ரி பை இமேஜர் என்ற இலவச மென்பொருளின் உதவியால் இயக்க மென்பொருளை அதில் பதியவேண்டும். பிறகு கார்டைப் பலகையின் அடிப்பக்கத்தில் செருகி, மற்ற இணைப்புகளைக் கொடுத்து, கடைசியாகவே மின்சாரம் தரவேண்டும். நிறுத்தும்போது திரையில் கட்டளை கொடுத்து அணைத்த பின்னரே அடாப்டரை எடுக்கவேண்டும். இல்லாவிடில் கார்டில் உள்ளவை பழுதாகலாம்.

பலகையின் ஓரத்தில் இரு வரிசைகளாக 40 ஊசிகள் உள்ளன. 11ஆம் ஊசியிலிருந்து 330 ஓம் மின்தடை ஒன்றின் வழியே எல்.இ.டி. விளக்கின் நீண்ட காலையும், தரை இணைப்பாகிய 6ஆம் ஊசியில் அதன் குட்டைக் காலையும் இணைத்தோம். பைத்தான் மொழியில் சில வரிகள் எழுதியதும் விளக்கு கண் சிமிட்டியது. எங்கள் மகிழ்ச்சிக்கு எல்லையே இல்லை!

அடுத்ததாக, பள்ளியின் மேல்நிலைத் தொட்டி நிரம்பி வழிவதைத் தடுக்க எண்ணினோம். இதற்கென ஒரு மீயொலிக் கருவி உண்டு. அது தொட்டியின் மேலிருந்து ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தைச் சொல்லும். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்லும். எதிரொலி 0.006 நொடியில் திரும்பினால், போய்வந்த தூரம் ஏறக்குறைய 2 மீட்டர்; எனவே நீர் 1 மீட்டர் கீழே உள்ளது.

இங்கேதான் தவறினோம். அக்கருவி 5 வோல்ட்டில் விடையளிக்கும். பலகையின் ஊசியோ 3.3 வோல்ட் மட்டுமே தாங்கும். அதைப் படித்துப் பார்க்காமல் நேரடியாக இணைத்தோம். அந்த ஊசி செயலிழந்தது. பயத்தால் இரண்டு நாட்கள் எவரிடமும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் ஒன்பதாம் வகுப்புத் தங்கைகள் அதே ஊசியில் விளக்கை இணைத்துவிட்டு, அது எரியாததால் தாங்கள்தான் தவறு செய்துவிட்டோம் என்று கலங்கி நின்றனர். எங்கள் மனம் உறுத்தியது. உடனே அருட்சகோதரியிடம் சென்று உண்மையைச் சொன்னோம். அவர்கள் கோபிக்கவில்லை. "பழுதான ஊசியின் எண்ணையும் காரணத்தையும் எழுதிப் பலகையின் பெட்டியில் ஒட்டுங்கள்" என்றார்கள். அப்படியே செய்தோம். பின்னர் கருவிக்கும் வேறோர் ஊசிக்கும் இடையே 1000 ஓம், அந்த ஊசிக்கும் தரைக்கும் இடையே 2000 ஓம் என மின்தடைகளை வைத்தோம். 5 வோல்ட்டில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது சுமார் 3.3 வோல்ட்டே ஊசியை அடைந்தது. இப்போது தொட்டி நிரம்பும் முன் மணி ஒலிக்கிறது.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி நம் மாமல்லபுரக் கடற்கரையைத் தாக்கியபோது, இந்தியப் பெருங்கடலுக்கென எச்சரிக்கை அமைப்பு இருக்கவில்லை. 2007 முதல் ஹைதராபாத்தில் ஒரு மையம் இயங்கி வருகிறது. ஆழ்கடலின் அடியில் உள்ள கருவிகள் நீரின் அழுத்தத்தை அளக்க, மிதவைகள் அச்செய்தியைச் செயற்கைக்கோள் வழியே அனுப்புகின்றன. எங்கள் தொட்டி மணியும் அந்த மையமும் செய்வது ஒரே வேலைதான்: நீரை அளத்தல், ஆபத்தை முன்கூட்டிச் சொல்லுதல். தொட்டியில் தவறினால் சில குடம் தண்ணீர் வீணாகும். கடலில் தவறினால் மீனவக் குப்பங்களின் உயிர்கள் அல்லவா போகும்?

ஆகவே தோழியரே, இணைக்கும் முன் அளந்து பாருங்கள். பிழை நேர்ந்தால் மறைக்காமல் எழுதி வையுங்கள். கருவிகள் உண்மையைச் சொல்லவேண்டுமானால், அவற்றைக் கையாளும் நாமும் உண்மையுள்ளவர்களாக இருப்போமாக!