பெயர் சொன்னால் கணிப்பொறி வருமா?

ஒரு பள்ளி ஆய்வகத்தில் மூன்று கணிப்பொறிகள் ஒரே வலையமைப்பில் இணைக்கப்பட்டிருப்பதாகக் கொள்வோம். ஒன்றில் விண்டோஸ் 7 என்னும் பழைய இயக்க அமைப்பு; மற்றொன்றில் லினக்ஸ். மூன்றாவது, உள்ளங்கையில் அடங்கும் ராஸ்பெர்ரி பை. அறையின் வெப்பநிலையை அளந்து பதிவு செய்வது அதன் வேலை. அதற்குத் 'தென்றல்' என்று பெயரிட்டிருக்கிறோம்.

லினக்ஸ் கணிப்பொறியில் 'தென்றல்.லோக்கல்' என்று தட்டினால் வெப்பநிலை திரையில் வருகிறது. விண்டோஸ் கணிப்பொறியோ, அப்படி ஒரு பெயரே இல்லை என்கிறது. ஆனால் 192.168.1.20 என்ற எண்ணைத் தட்டியதும் அங்கும் அதே வெப்பநிலை வந்துவிடுகிறது! ஆகவே கம்பியில் பழுதில்லை. பெயரை எண்ணாக மாற்றும் இடத்தில்தான் ஏதோ குறை.

வலையமைப்பில் செய்திகள் எண்ணைக் கொண்டே செல்கின்றன. பெயர் நமது வசதிக்காக வைத்தது. எனவே பெயரைச் சொன்னதும் கணிப்பொறி முதலில் அதற்குரிய எண்ணைத் தேடவேண்டும். எங்கே தேடும்?

தன்னிடமுள்ள பட்டியலில் தேடுவது மிகப் பழைய வழி. இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட்டில் எல்லாக் கணிப்பொறிகளின் பெயரும் எண்ணும் ஒரே கோப்பில் இருந்தன. கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில் இருந்த ஓர் ஆய்வு நிறுவனம் அதைப் பேணியது, மற்றவர்கள் படியெடுத்துக்கொண்டார்கள். 'ஹோஸ்ட்ஸ்' என்ற அக்கோப்பின் வாரிசு இன்றும் விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் உண்டு. முதலில் எண், சற்று இடைவெளி, பிறகு பெயர்; இரண்டிலும் வரி ஒரே மாதிரிதான். மூன்று கணிப்பொறிகளுக்கு இது போதும். முப்பது இருந்தால்? ஒவ்வொன்றிலும் மற்ற 29-இன் பெயரை எழுதவேண்டும்: 30 × 29 = 870 வரிகள். ஓர் எண் மாறினால் 29 இடங்களில் திருத்தவேண்டும்!

இரண்டாவது வழி, கூவி அழைப்பது. "தென்றல் யார்?" என்று வலையமைப்பு முழுவதும் கேட்க, உரியவர் பதில் சொல்வார். நமது புதிருக்கு விடை இங்கேதான் இருக்கிறது. விண்டோஸ் 7 கூவும் முறைகள் நெட்பயாஸ், எல்.எல்.எம்.என்.ஆர். என்பவை. ஆப்பிள் கணிப்பொறிகளும், பெரும்பாலான லினக்ஸ் கணிப்பொறிகளும், ராஸ்பெர்ரி பையும் பின்பற்றுவது எம்.டி.என்.எஸ். என்ற வேறு முறை. 'லோக்கல்' என்று முடியும் பெயர்கள் இதற்கே உரியவை. ஒருவர் கேட்கும் மொழி மற்றவருக்குப் புரியவில்லை, அவ்வளவுதான். விண்டோஸ் 10 பிற்காலத்தில் இம்மொழியையும் கற்றுக்கொண்டது.

கூவுவதில் ஓர் ஆபத்தும் உண்டு. "தென்றல் நான்தான்" என்று எந்தக் கணிப்பொறியும் பொய் சொல்லலாம், சரிபார்ப்பவர் இல்லை. ஏமாந்த விண்டோஸ் கணிப்பொறி அந்தப் பொய்யனிடமே உள்நுழைய முயன்று, கடவுச்சொல்லிலிருந்து கணக்கிட்ட மதிப்பை அனுப்பிவிடக்கூடும். அதைக் கொண்டு கடவுச்சொல்லை ஊகிக்கலாம். பல அலுவலகங்களில் விண்டோஸின் பழைய கூவல்களை நிறுத்திவைப்பது இதனால்தான்.

மூன்றாவது வழிக்கு 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் வித்திட்டார். அதுவே டி.என்.எஸ். பெயர்ப் பதிவேட்டை ஒரு கணிப்பொறி வைத்திருக்கும்; மற்றவை அதனிடம் கேட்கும். இந்த மொழி எல்லா இயக்க அமைப்புகளுக்கும் தெரியும். கலப்பு வலையமைப்புக்கு இதுவே தக்கது என்பது என் கருத்து. 'டி.என்.எஸ்.மாஸ்க்' என்ற சிறு நிரலை லினக்ஸ் கணிப்பொறியில் நிறுவி, எண் வழங்கும் பணியையும் அதனிடமே ஒப்படைத்தால், தென்றலுக்கு எண் கொடுக்கும்போதே பெயரையும் அது பதிந்துகொள்ளும். பெயரின் இறுதியில் 'லோக்கல்' மட்டும் வேண்டாம். கூவல் முறையோடு குழம்பும். வீட்டு வலையமைப்புக்கென 'ஹோம்.ஆர்ப்பா' என்ற முடிவு 2018-இல் ஒதுக்கப்பட்டிருக்கிறது.

இங்கே பலர் ஒரு காரியம் செய்வார்கள். 'எதற்கும் இருக்கட்டும்' என்று இரண்டாவது பதிவேடாக 8.8.8.8 போன்ற வெளி எண்ணைக் கொடுத்துவிடுவார்கள். முதலாவது கைவிட்டால் இரண்டாவது உதவும் என்பது எண்ணம். ஆனால் கணிப்பொறி சில வேளைகளில் இரண்டாவதையே முதலில் கேட்கலாம். வெளியுலகப் பதிவேட்டுக்கு நம் ஆய்வகத்துத் தென்றலைத் தெரியாது. அது 'எனக்குத் தெரியாது' என்று சொல்வதில்லை. 'அப்படி ஒரு பெயர் இல்லை' என்று தீர்ப்பே சொல்லிவிடும். அதுவும் ஒரு பதில்தானே! கணிப்பொறி அதை நம்பித் தேடலை நிறுத்திவிடும். காலையில் கிடைத்த தென்றல் மாலையில் காணாமல் போகும் மாயம் இதுதான். உள் பதிவேட்டை மட்டும் கொடுங்கள்; வெளிப் பெயர்களை அதுவே வெளியில் கேட்டுச் சொல்லட்டும்.

பழுது பார்க்கும்போது 'பிங்' கட்டளையை முதலில் எண்ணுடனும், பிறகு பெயருடனும் கொடுத்துப் பாருங்கள். அடுத்து 'என்.எஸ்.லுக்கப்'. இது ஹோஸ்ட்ஸ் கோப்பைப் பார்க்காது, கூவவும் செய்யாது, டி.என்.எஸ். பதிவேட்டை மட்டுமே கேட்கும். ஆகவே பெயரிட்ட பிங்குக்குப் பதில் வந்து, இதற்கு வராவிட்டால், எண் கிடைத்தது பதிவேட்டிலிருந்து அன்று. வேறு வழியில் என்று அறியலாம். பதிவேட்டைத் திருத்திய பின்னும் விண்டோஸ் பழைய எண்ணையே பிடித்துக்கொண்டிருந்தால், 'ஐபிகான்ஃபிக்' கட்டளையுடன் 'ஃபிளஷ்டிஎன்எஸ்' என்ற தெரிவைக் கொடுங்கள்; நினைவில் வைத்திருந்ததை அது மறந்துவிடும்.