கண்ணாடி முகமும் புகைப்பட முகமும்

அடையாள அட்டைக்குப் படமெடுக்கும் வயதில் என் தோழியர் பலரிடம் நான் கேட்கும் வார்த்தை, "இது என் முகமா?" என்பதாகும். கண்ணாடியில் பிடித்த முகம் படத்தில் ஏன் பிடிப்பதில்லை?

எமது வலக் கன்னத்து மச்சம் கண்ணாடியிலும் வலப்புறமே தெரியும். எதிரே நிற்பவருக்கு அது இடப்புறம் தெரியும். கமெராவும் அவரைப் போலவே பார்க்கிறது. எவருடைய முகத்திலும் இரு பாதிகளும் முற்றிலும் ஒத்திருப்பதில்லை. ஆகவே, பக்கம் மாறியதும் பழகிய முகம் புதிதாகத் தோன்றுகிறது.

அடிக்கடி காண்பதையே மனம் விரும்பும். 1977இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் மாணவிகளுக்கு அவர்களது படத்தையும், அதை இடவலம் மாற்றிய படத்தையும் காட்டினர். பெரும்பாலானோர் கண்ணாடித் தோற்றத்தையே தெரிவுசெய்தனர். அவர்களின் தோழியரில் பெரும்பாலானோரோ நேர்ப்படத்தையே விரும்பினர்.

தூரமும் ஒரு காரணம். ஓரடி தூரத்திலும் ஐந்தடி தூரத்திலும் கைபேசியை வைத்துப் படமெடுத்து ஒப்பிட்டேன். கிட்ட எடுத்ததில் மூக்கு பெரிதாகவும் காதுகள் சிறிதாகவும் விழுந்திருந்தன. கமெராவுக்கு அருகிலுள்ளது பெரிதாகத் தெரிவதே இதற்குக் காரணம். தள்ளி எடுத்ததில் அந்த வேறுபாடு குறைந்திருந்தது.

சகோதரிகளே, ஒரு படத்தைக் கண்டு உங்கள் முகத்தை வெறுக்காதீர்கள். பெற்றோரே, பிள்ளை தன் படத்தைக் கண்டு வாடினால் கேலி செய்யாமல் இக்காரணங்களை எடுத்துச் சொல்லுங்கள். எமக்குப் புதிதாகத் தெரியும் அம்முகத்தைத்தான் உம்மாவும் வாப்பாவும் பிறந்த நாள் முதல் பார்த்து மகிழ்கிறார்கள்.