பெருநாட் காலத்தில் எமது வீட்டைக் காப்போம்

மார்கழி பிறந்தால் எமது வீடுகளில் ஆளில்லாத நேரங்கள் கூடிவிடும். டிசம்பர் 24ஆம் திகதி இரவு முழுக் குடும்பமும் நள்ளிரவுப் பூசைக்குப் போகும். பாடசாலை விடுமுறையில் பிள்ளைகளோடு இனசனம் பார்க்கப் போவோம். பின்னர் தைப்பொங்கல் வரும். அடகு வைத்த நகையை மீட்பதும், ஆடு விற்ற காசு கையில் இருப்பதும் இந்த நாட்களில்தான். இவை எமக்குத் தெரிவதுபோல் கள்ளனுக்கும் தெரியும்.

“எங்களிடம் களவெடுக்க என்ன இருக்கிறது?” என்று சிலர் கேட்கலாம். ஒரு குடும்பத்தை நினைத்துப் பார்ப்போம். இடம்பெயர்ந்தபோது தூக்கி வந்த ஒரேயொரு தகரப் பெட்டி. அதில் ஒரு சோடி தோடும் கொஞ்சக் காசும் உண்டு. அடியில் காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழ்களும் இருக்கின்றன. கள்ளன் பெட்டியோடு தூக்கிச் செல்வான். தோட்டை எடுத்துக்கொண்டு கடதாசிகளைப் பற்றைக்குள் எறிவான். மிகுதியை மாரி மழை செய்துவிடும். தோட்டை உழைத்து வாங்கலாம். காணி எழுத்தை இழந்தவர் எத்தனை கந்தோர்களுக்கு அலைய வேண்டும்! போர் 2009இல் முடிந்தும் சொந்தக் காணிக்குத் திரும்பக் காத்திருக்கும் குடும்பங்களுக்கு அந்த எழுத்தே பெரிய சொத்து.

எனவே நாம் செய்யக்கூடியவை:

1. பத்திரங்களையும் நகையையும் ஒரே பெட்டியில் வைக்க வேண்டாம். பத்திரங்களைப் பொலித்தீன் பையில் சுற்றி வேறிடத்தில் வைப்போம். பிரதி எடுத்து நம்பிக்கையான உறவினரிடம் கொடுப்போம். உறுதியின் இலக்கம், திகதி, எழுதிய நொத்தாரிசின் பெயர் ஆகியவற்றைக் கொப்பியில் குறிப்போம். பதிவான உறுதி தொலைந்தால் காணிப் பதிவகத்தில் பிரதி கேட்பதற்கு இவை உதவும்.

2. ஆமைப் பூட்டு எவ்வளவு பெரிதானாலும், ஆணியால் அறைந்த கொண்டி அலவாங்கின் ஒரு நெம்பில் கழன்றுவிடும். கதவை ஊடுருவிச் சென்று உட்பக்கத்தில் நட்டு முறுக்கிய போல்ட்டால் கொண்டியைப் பொருத்துவோம்.

3. அலவாங்கு, கோடரி, ஏணி ஆகியவற்றை முற்றத்தில் விட்டுச் செல்வது கள்ளனுக்கு ஆயுதம் கொடுப்பதாகும். நீர் இறைக்கும் இயந்திரத்தின் இலக்கத்தையும் சைக்கிளின் இலக்கத்தையும் குறித்து வைப்போம்.

4. ஆள் இருப்பதாகக் காட்டுவதற்காகக் கிடுகுக் கொட்டிலில் விளக்கை எரியவிட்டுச் செல்ல வேண்டாம். களவுக்குப் பயந்து நெருப்புக்கு இடங்கொடுக்கலாகாது. மின்சாரம் உள்ள வீட்டிலும் பகலில் எரியும் விறாந்தை மின்குமிழ் வீட்டில் ஆளில்லை என்று சொல்லிக்கொடுக்கும். மாலையில் போட்டுக் காலையில் அணைக்க அயலவரிடம் சொல்வோம்.

5. குடும்பமாகப் பயணம் போவதைக் கைத்தொலைபேசியில் படம் போட்டு ஊருக்கு அறிவிக்க வேண்டாம். திரும்பி வந்தபின் போடலாம்.

இவை எல்லாவற்றையும்விடப் பலமான பூட்டு அயலவரின் கண்தான். சொந்த ஊரில் யாருடைய படலையில் யார் நிற்கிறார் என்று எல்லாருக்கும் தெரியும். இங்கோ பல ஊர்களிலிருந்து வந்தவர்கள் அருகருகே இருக்கிறோம். பக்கத்து வீட்டில் சாமான் ஏற்றுபவனைக் கண்டாலும், அவர்களின் இனசனமாக்கும் என்று பேசாமல் இருந்துவிடுகிறோம். ஆகவே நாலைந்து வீட்டார் கூடிப் பேசுவோம். யார் எப்போது போகிறார், எப்போது வருவார் என்று சொல்லிக்கொள்வோம். பூசை இரவில் ஒரு வீட்டுக்கு ஒருவராக முறை வைத்துக் காவல் இருக்கலாம். ஆனால் புதிதாக வந்தவர் என்பதற்காக எவரையும் கள்ளன் என்று எண்ண வேண்டாம். நாமும் ஒருநாள் புதிதாக வந்தவர்களே.

களவு போய்விட்டால், உள்ளே கள்ளன் நிற்கலாம் என்று தோன்றினால் தனியாக நுழைய வேண்டாம். பொருளைவிட உயிர் பெரிது. 119க்கு அழைப்போம். பொலிசார் வரும்வரை எதையும் தொடாதிருப்போம். முறைப்பாட்டின் பிரதியைக் கேட்டு வாங்குவோம். தொலைந்த அடையாள அட்டைக்குப் பதில் அட்டை எடுக்க அது தேவை. கிராம அலுவலருக்கும் அறிவிப்போம்.

கலந்துரையாடுவதற்கு:

அ) எமது பத்திரங்கள் இன்று எங்கே இருக்கின்றன? வீட்டில் வேறு யாருக்கு அது தெரியும்?

ஆ) எமது வேலிக்கு அப்பால் இருப்பவரின் பெயரும் சொந்த ஊரும் எமக்குத் தெரியுமா?

இ) இம்முறை பூசை இரவில் எமது ஒழுங்கையில் யார் காவல் இருப்பது?