நெகட்டிவ் ஸ்கேன்: எத்தனை டிபிஐ போதும்?

ஆவூர் தேவாலயத்துக் கல்யாணங்களும் ஈஸ்டர் தேரும் பாஸ்கா நாடகமும் ஒரு காலத்தில் ஃபிலிமில்தான் பதிவாயின. பீரோவில் கிடக்கும் அந்த நெகட்டிவ்களை ஸ்கேன் செய்ய விரும்புவோரைக் குழப்பும் நம்பிக்கைகள் நான்கு.

நம்பிக்கை: டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளிகள் என்ற கணக்கு) கூடக் கூடப் படம் தெளிவாகும்.
உண்மை: ஃபிலிமில் பதிந்ததுதான் கிடைக்கும். தேரோரம் நிற்கும் பாட்டியின் முகம் 35 எம்எம் நெகட்டிவில் 1 மில்லிமீட்டர் உயரம் என்று கொள்வோம். 2400 டிபிஐயில் அந்த முகத்துக்கு 94 புள்ளிகள், 4000-இல் 157, 9600-இல் 378. கூட்டத்துக்கு நடுவே கையில் பிடித்து எடுத்த படத்தில் 4000-ஐத் தாண்டினால் முகம் தெளியாது. ஃபிலிமின் துகள்கள்தான் பெரிதாகும். முழுப்படமோ 2.1 கோடி பிக்சலிலிருந்து 12 கோடிக்கு மேல் வீங்கிவிடும்.

நம்பிக்கை: பெட்டியில் 6400 என்றிருந்தால் 6400 கிடைக்கும்.
உண்மை: அது சென்சாரின் கணக்கு. லென்ஸும் ஃபோகஸும் அதற்கு ஈடுகொடுப்பதில்லை. சோதனைக் கோடுகளை வைத்து அளந்தால், வீட்டு மேசை ஸ்கேனர்கள் பலவற்றில் உண்மையில் கிடைப்பது 2000-ஐ ஒட்டித்தான். 35 எம்எம்முக்கு ஃபிலிம் ஸ்கேனர் வைத்திருக்கும் லேபைத் தேடுங்கள்.

நம்பிக்கை: எல்லா ஃபிலிமுக்கும் ஒரே அளவு.
உண்மை: ஃபிலிம் பெரிதானால் டிபிஐ குறையலாம். ஸ்டூடியோக்காரர்களின் 120 ஃபிலிமில் சதுரப் படத்தின் பக்கம் சுமார் 56 மில்லிமீட்டர்; 2400-லேயே 2.8 கோடி பிக்சல் வந்துவிடும். 35 எம்எம்மிலிருந்து 12×8 அங்குலப் பிரிண்ட் போட 2500-ஐ ஒட்டிய அளவு போதும். 18×12 வேண்டுமானால் 4000. நெகட்டிவ் தொலைந்து பிரிண்ட் மட்டும் இருந்தால் 600.

நம்பிக்கை: ஸ்கேன் முடிந்ததும் நெகட்டிவை எறிந்துவிடலாம்.
உண்மை: நெகட்டிவ்தான் மூலம், நல்ல ஸ்கேனர் வந்தால் மறுபடி எடுக்கலாம். ஆனால் பழைய அசிடேட் ஃபிலிம் வெப்பத்திலும் ஈரத்திலும் சிதையும். வினிகர் நெடி அடிக்கும், சுருங்கும். அந்த நெடி வந்த ஃபிலிமை மற்றவற்றிலிருந்து பிரித்து வைத்து, முதலில் ஸ்கேன் செய்யுங்கள். தமிழகத்தின் பழைய ஸ்டூடியோப் படங்கள் அழிந்துவருவதைக் கண்டுதான், புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு அவற்றைத் தேடி டிஜிட்டலாக்கியது.

35 எம்எம்முக்கு 3000 முதல் 4000, 120-க்கு 2400, டிஃப் கோப்பு, இரண்டு இடங்களில் நகல்: குடும்பப் படங்களுக்கு இது தாராளம். எண்ணைத் துரத்தி ஆண்டுகளைக் கடத்தாதீர்கள். படத்தில் இருப்பவர்களின் பெயர் சொல்லத் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே வேலையைத் தொடங்குங்கள்.